முனைவர் பட்டமும் வேலை நேர்காணலும்



பள்ளியில் பரிசளிப்பு விழா, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் என்று எது நடந்தாலும், நிகழ்ச்சி முடிந்த பிறகு பெற்றோர் சிலர் என்னிடம் வந்து கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பிள்ளையை எதுவரைக்கும் படிக்க வைக்கலாம்?" என்பதே அது. முன்பெல்லாம் இதற்கு விடை சொல்வது எளிது. "பட்டப்படிப்பு வரைக்கும் படிக்க வையுங்கள்" என்றால் போதும். இப்பொழுது நம் தமிழ்ப்பள்ளிகளிலிருந்து சென்ற பிள்ளைகள் சிலர் முதுநிலைப் பட்டத்தையும் தாண்டி முனைவர் பட்ட ஆய்வு வரை போகின்றனர். பெருமைப்பட வேண்டிய வளர்ச்சி இது. ஆனால், அதனோடு புதிய கேள்வியும் வந்திருக்கிறது. பொறியியலிலும் அறிவியலிலும் கணினித் துறையிலும் முனைவர் பட்டம் பெற்றவரைத் தொழில்நுட்ப நிறுவனங்கள் விரும்பி எடுத்துக்கொள்கின்றனவா? வேலைக்கு ஆள் தேடும்போது அந்தப் பட்டத்துக்கு எவ்வளவு மதிப்புத் தர வேண்டும்?

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நம் சமூகத்தில் 'டாக்டர்' என்றதும் மருத்துவரைத்தான் நினைப்பார்கள். "என் மகள் டாக்டர் ஆகிவிட்டாள்" என்று ஒரு தாய் சொன்னால், "எந்த மருத்துவமனையில்?" என்பதுதான் அடுத்த கேள்வி. நான் பேசுவது ஆய்வு செய்து பெறும் முனைவர் பட்டத்தைப் பற்றி. மூன்று ஆண்டு முதல் ஐந்தாறு ஆண்டு வரை ஒரே பொருளை எடுத்துக்கொண்டு ஆராய்ந்து, ஆய்வேடு எழுதி, அத்துறை வல்லுநர்கள் முன்னிலையில் வாய்மொழித் தேர்விலும் வென்று பெறுவது அது.

தாள் கூடியவரும் தாள் குறைந்தவரும்

நான் பணியாற்றும் பள்ளி செபராங் பிறையில் உள்ளது. இங்குள்ள பெற்றோர் பலருக்குப் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ், பிறை, கூலிம் ஆகிய இடங்களிலுள்ள மின்னணுத் தொழிற்சாலைகளில்தான் வேலை. ஆகையால், இக்கேள்வி எங்களுக்கு ஏட்டுக் கேள்வி அன்று, வீட்டுக் கேள்வி.

என் பழைய மாணவி ஒருத்தி பொருளறிவியல் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றாள். தந்தை லோரி ஓட்டுநர். தாயார் தொழிற்சாலை ஊழியர். மின்சுற்றுப் பலகையில் சில்லுகளைப் பிணைக்கின்ற பற்றாசு, சூடேறிச் சூடேறி ஆறும்போது எவ்வாறு விரிசல் விடுகிறது என்பது அவளது ஆய்வு. நம் வட்டாரத் தொழிற்சாலைகளுக்கு இதைவிடப் பொருத்தமான ஆய்வைத் தேடிப் பிடிக்க இயலாது. ஆயினும், ஓராண்டுக்கும் மேலாக அவளுக்கு வேலை அமையவில்லை. ஒரு பெரிய நிறுவனத்தில் நேர்காணல் முடிந்த பிறகு, "இந்த வேலைக்கு உங்கள் தகுதி அதிகம். ஓராண்டில் வேறிடம் போய்விடுவீர்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அந்தத் தாயார் ஒரு நாள் பள்ளிக்கு வந்தார். அவருடைய இளைய மகளும் எங்கள் பள்ளியில் படித்து, அப்பொழுது எஸ்.பி.எம். எழுதி முடித்திருந்தாள்.

"டீச்சர், படிச்சது கூடிப்போச்சாம். அதனால வேல இல்லன்னுட்டாங்க. இவ்வளவு வருசம் கஷ்டப்பட்டது இதுக்குத்தானா? சின்னவள மேல படிக்க வைக்கவா, இல்ல இதோட நிறுத்திட்டு வேலைக்கு அனுப்பிடவா?" என்றார்.

அவர் சினந்து பேசவில்லை. உண்மையாகவே விடை தெரியாமல் கேட்டார். மூத்தவளின் பட்டப்படிப்புக் கல்விக்கடன் இன்னும் கட்டி முடியவில்லை. இளையவளின் எதிர்காலம் இந்த ஒரு விடையில் தங்கியிருந்தது.

அவருக்கு விடை தேடிக்கொண்டிருந்தபோது என் நினைவுக்கு வந்தவன் இன்னொரு பழைய மாணவன். பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்து, பதினேழு ஆண்டுகளாகத் தொழிற்சாலை ஒன்றில் தொழில்நுட்பராக இருக்கிறான். தலைமுடியைவிட மெல்லிய கம்பியால் சில்லினைச் சட்டத்தோடு இணைக்கும் பொறிகளைப் பராமரிப்பது அவன் வேலை. பொறியின் ஓசை சற்றே மாறினாலும் எந்தப் பகுதி தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். புதிதாக வரும் பொறியாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பவனும் அவனே. பொறியாளர் பதவி காலியானபோது அவனும் விண்ணப்பித்தான். விண்ணப்பப் படிவத்தில் பட்டம் என்ற கட்டத்தை நிரப்ப அவனிடம் ஒன்றுமில்லை. அத்துடன் முடிந்தது.

ஒருத்திக்குத் தாள் கூடிவிட்டது. ஒருவனுக்குத் தாள் குறைந்துவிட்டது. இருவரிடமும், "உனக்கு என்ன செய்யத் தெரியும்?" என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

பட்டம் எதற்குச் சான்று?

முனைவர் பட்டத்தை வேலைக்கான சான்றாகப் பார்க்கும்போது, அது எதற்குச் சான்று என்பதை நாம் முதலில் அறிய வேண்டும். அறிவுக்கூர்மைக்கு மட்டும் சான்று என்றால் தேர்வு மதிப்பெண்ணே போதும். பள்ளியிலும் பட்டப்படிப்பிலும் நாம் பெரும்பாலும் கொடுப்பவை விடை தெரிந்த கணக்குகள். ஆசிரியர் கையில் விடைத்தாள் இருக்கும். முனைவர் பட்ட ஆய்வில் விடைத்தாள் கிடையாது. நெறியாளருக்கும் விடை தெரியாது. ஆய்வாளர் தாமே கேள்வியை வரையறுத்து, சோதனையை வகுத்து, தவறிய சோதனையை மீண்டும் செய்து, கிடைத்த விடை மெய்தானா என்று பிறர் குடைந்து குடைந்து கேட்கும் கேள்விகளுக்கு ஈடு கொடுக்க வேண்டும். நன்றாகச் செய்யப்பட்ட முனைவர் பட்டம் இந்தப் பயிற்சிக்குத்தான் சான்று.

என் மாணவி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவளுடைய ஆய்வின் இரண்டாம் ஆண்டில் முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. எட்டு மாதம் போராடிய பிறகு, சோதனை அடுப்பின் வெப்பமானி சில பாகை தவறாகக் காட்டுவதைக் கண்டுபிடித்தாள். எட்டு மாத அளவீடுகளையும் ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள். ஆய்வேட்டில் இச்செய்தி ஒரே வரியில் அடங்கிவிட்டது. ஆனால், ஒரு நிறுவனம் அவளிடமிருந்து பெறத்தக்க மிக உயர்ந்த திறன் அந்த ஒரு வரிக்குள்தான் இருக்கிறது. கருவி காட்டும் எண்ணை நம்புவதற்கு முன்பு கருவியையே சோதிக்க வேண்டும் என்பது அவளுக்குப் பழக்கமாகவே ஆகிவிட்டது.

அதே வேளையில் பட்டம் எவற்றுக்குச் சான்று ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். குறித்த நாளில் வேலையை முடிப்பதற்கும், குழுவோடு இணங்கிப் போவதற்கும், ஓடிக்கொண்டிருக்கும் உற்பத்தி வரிசையை நிற்காமல் காப்பதற்கும், வாடிக்கையாளரின் தேவையைப் புரிந்துகொள்வதற்கும் அது சான்று ஆகாது. இவை சிலரிடம் இருக்கும், சிலரிடம் இருக்கா. தனியே சோதித்துத்தான் அறிய முடியும்.

வரலாறு இரு பக்கமும் பேசுகிறது

நம் வட்டாரத்துக்கே சோறு போடும் குறைக்கடத்தித் தொழிலின் வரலாற்றைப் பார்ப்போம். 1947-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. அதற்காக 1956-இல் நோபல் பரிசு பெற்ற ஜான் பார்டீன், வால்டர் பிராட்டன், வில்லியம் ஷாக்லி ஆகிய மூவருமே முனைவர்கள். படிகத்துக்குள் மின்னணுக்கள் எவ்வாறு இயங்குகின்றன என்பதைக் கோட்பாட்டு வழியில் அறிந்தவர்கள் இல்லாமல் அந்தக் கருவி உருவாகியிருக்காது.

பதினோர் ஆண்டுகள் கழித்து, 1958-இல், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தில் ஜாக் கில்பி என்ற பொறியாளர் புதிதாகச் சேர்ந்தார். அவரிடம் இருந்தது முதுநிலைப் பட்டம். அதுவும் வேலை பார்த்துக்கொண்டே படித்தது. கோடையில் மற்றவர்கள் விடுமுறையில் போய்விட, புதியவர் என்பதால் விடுமுறை இல்லாத கில்பி ஆய்வுக்கூடத்தில் தனியே வேலை செய்தார். அவ்வாண்டு செப்டம்பரில் ஒருங்கிணைந்த மின்சுற்றைச் செய்து காட்டினார். 2000-ஆம் ஆண்டில் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. ஏறத்தாழ அதே காலத்தில், 1959-இல், பேர்சைல்டு நிறுவனத்தில் ராபர்ட் நாய்ஸ் என்பவர் ஒருங்கிணைந்த மின்சுற்றுக்குத் தனியாக வேறொரு வழி கண்டார். பேரளவு உற்பத்திக்கு அவ்வழியே ஏற்றதாக அமைந்தது. நாய்ஸ் இயற்பியலில் முனைவர். ஒரே கண்டுபிடிப்புக்கு முனைவர் அல்லாத ஒருவரும் முனைவர் ஒருவரும் தனித்தனியே வந்து சேர்ந்தனர்.

அந்த நாய்ஸ் 1968-இல் கார்டன் மூர் என்ற மற்றொரு முனைவரோடு சேர்ந்து தொடங்கியதுதான் இன்டெல் நிறுவனம். அமெரிக்காவுக்கு வெளியே அதன் முதல் தொழிற்சாலை 1972-இல் அமைந்த இடம் நம் பினாங்கு. முனைவர்கள் தொடங்கிய நிறுவனத்தின் தொழிற்சாலையை இங்கே நடத்திக் காட்டியவர்களுள் பள்ளிப்படிப்பைக்கூட முடிக்காத பெண்கள் பலர். நுண்ணோக்கி வழியே பார்த்துக் கம்பி பிணைத்த அவர்களின் கைத்திறனும் தொழில்நுட்பத் திறன்தான்.

அண்மைக் காலத்துக்கு வருவோம். இன்றைய செயற்கை நுண்ணறிவு மொழிக்கருவிகளுக்கு அடித்தளமான கட்டமைப்பை 2017-இல் கூகுள் ஆய்வாளர் எண்மர் வெளியிட்டனர். அவர்களுள் ஒருவர் அப்பொழுது இளநிலைப் பட்டம் படித்துக்கொண்டிருந்த பயிற்சி மாணவர். மறுபுறம், புரத மூலக்கூறின் வடிவத்தைக் கணினியால் கணித்ததற்காக 2024-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்ற டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவரும் முனைவர்கள். ஜம்பர் முனைவர் பட்டம் பெற்றது கோட்பாட்டு வேதியியலில். வேதியியலையும் கணினியையும் ஒருங்கே ஆழமாக அறிந்தவர் அந்தப் பணிக்குத் தேவைப்பட்டார்.

பட்டமில்லாமல் அவமதிக்கப்பட்டவர்

ஜப்பானியர் சூஜி நாகமுராவின் கதையை ஆசிரியர்கள் மாணவர்களுக்குச் சொல்லலாம். நம் வகுப்பறைகளில் எரியும் எல்.இ.டி. விளக்குகளுக்கு வழி திறந்தவர்களுள் அவர் ஒருவர். முதுநிலைப் பட்டத்தோடு 1979-இல் நிச்சியா என்ற சிறிய நிறுவனத்தில் சேர்ந்தார். 1988-இல் படிகம் வளர்க்கும் நுட்பத்தைக் கற்க ஓராண்டு அமெரிக்கா சென்றார். அங்கிருந்த ஆய்வு மாணவர்கள், முனைவர் பட்டமும் ஆய்வுக் கட்டுரைகளும் இல்லாத அவரைத் தமக்கு ஈடாக மதிக்கவில்லை, உதவியாளர்போல் நடத்தினர். இதை அவரே பின்னாளில் பொதுவில் கூறியிருக்கிறார்.

எப்படியாவது முனைவர் பட்டம் பெற வேண்டும் என்ற வேட்கையோடு ஊர் திரும்பினார். ஜப்பானில் அக்காலத்தில், போதிய ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டால் பல்கலைக்கழகத்தில் சேராமலேயே முனைவர் பட்டம் பெற வழி இருந்தது. நீல ஒளி தேடிய ஆய்வாளர்கள் பெரும்பாலோர் துத்தநாக செலினைடை நாடியபோது, அவர் பலரும் கைவிட்ட காலியம் நைட்ரைடைத் தேர்ந்தெடுத்தார். அதில் கட்டுரைகள் குறைவாக இருந்ததால் தமக்கு எழுத இடம் இருக்கும் என்பது அவர் கணக்கு. 1993-இல் ஒளி மிகுந்த நீல விளக்கு வெளிவந்தது. 1994-இல் முனைவர் பட்டம் கிடைத்தது. 2014-இல் அக்காசாகி, அமானோ ஆகியோருடன் நோபல் பரிசும் வந்தது.

இந்நிகழ்ச்சி இரு பக்கமும் வெட்டுகிறது. பட்டமில்லாதவரை இகழ்ந்தவர்கள் எதிரில் இருந்த திறமையைக் காணவில்லை. ஆனால், அதே பட்டத்தின் மீதிருந்த வேட்கைதான் அவரை ஆள் நடமாட்டம் இல்லாத பாதையில் போகச் செய்தது. ஆகவே, "பட்டமெல்லாம் வெறுந்தாள்" என்று ஏளனமாகப் பேசுவதற்கும் இக்கதை இடம் கொடுக்கவில்லை.

வேலை தருவோர் என்ன செய்யலாம்?

திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்', 'தெரிந்து வினையாடல்' என்று அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள் உள்ளன. ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது, தேர்ந்தவரிடம் வேலையை எப்படி ஒப்படைப்பது என்பவையே அவற்றின் பொருள். அரியவற்றைக் கற்றுத் தேர்ந்தவரிடத்தும் நுணுகிப் பார்த்தால் ஏதேனும் அறியாமை இருக்கும் என்று வள்ளுவர் எச்சரிக்கிறார். செய்ய வேண்டிய வேலையையும், அதைச் செய்யும் வழியையும், செய்பவரையும் பொருத்திப் பார்க்கச் சொல்கிறார். பட்டத்தை மட்டும் எடைபோட்டு ஆளை எடுப்பதும் தள்ளுவதும் அந்த நெறிக்கு மாறானவை.

நிறுவனங்களில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருக்கும் பெற்றோர்களும் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்கு ஓர் ஆசிரியையின் எளிய யோசனைகள்:

1. இந்த வேலையில் வரும் சிக்கல்களுக்கு விடை ஏற்கெனவே தெரியுமா? தெரியுமென்றால், அதை விரைவாகவும் பிழையின்றியும் செய்து பழகியவரே தேவை. அங்கே முனைவர் பட்டத்தைக் கட்டாயமாக்குவது வீண். விடை யாருக்கும் தெரியாத சிக்கல் என்றால், அதில் பயிற்சி பெற்றவரைத் தேடுங்கள்.

2. ஆய்வேட்டின் தலைப்பைக் கேட்டதோடு நிறுத்தாதீர்கள். "உங்கள் ஆய்வில் எது தவறிப்போயிற்று? அதற்கு மறுநாள் என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள்.

3. ஆய்வை ஆறாம் ஆண்டு மாணவருக்கு விளங்குமாறு சொல்லச் சொல்லுங்கள். தாம் செய்ததை உண்மையாகவே அறிந்தவரால் பெரும்பாலும் சொல்ல முடியும்.

4. "விட்டுப் போய்விடுவார்" என்று ஊகித்துத் தள்ளாதீர்கள். "எவ்வளவு காலம் இருப்பீர்கள்? எதற்காக இவ்வேலையை விரும்புகிறீர்கள்?" என்று அவரிடமே கேளுங்கள்.

5. உங்கள் நிறுவனத்திலேயே பதினேழு ஆண்டு அனுபவத்தோடு ஒருவர் இருந்தால், படிவத்தின் கட்டம் அவரை மறைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு இலக்குகள்

நம் நாட்டின் திட்டங்களிலும் இந்தத் தடுமாற்றம் தெரிகிறது. பத்தாவது மலேசியத் திட்டக் காலத்தில் வந்த மைபிரெய்ன் 15 திட்டம், 2023-ஆம் ஆண்டுக்குள் 60,000 முனைவர்களை உருவாக்குவதை இலக்காகக் கொண்டது. 2024-ஆம் ஆண்டு மே மாதம் அறிவிக்கப்பட்ட தேசியக் குறைக்கடத்தி வியூகமோ 60,000 உயர்திறன் பொறியாளர்களுக்குப் பயிற்சி அளிப்பதை இலக்காகக் கொண்டது. அன்று முனைவர், இன்று பொறியாளர், எண் மட்டும் ஒன்றே. இரண்டும் நாட்டுக்குத் தேவைதான். ஆனால், நூறு பொறியாளர்களோடு எத்தனை முனைவர்கள் எந்த இடத்தில் அமர்ந்து வேலை செய்யப் போகிறார்கள் என்பதைத் தொழிற்சாலைகளும் பல்கலைக்கழகங்களும் கூடிப் பேசினால்தான் பட்டமும் பயன்படும். பட்டதாரியும் வீட்டில் காத்திருக்க மாட்டார்.

பெற்றோர்களுக்கு

அந்தத் தாயாரிடம் நான் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். "அம்மா, பெரியவளுக்குப் படிப்பு கூடிப்போகவில்லை. அவள் படிப்பைப் படித்துப் பார்க்கும் இடம் இன்னும் அமையவில்லை. சின்னவள் எதுவரைக்கும் படிக்கலாம் என்று இன்றைக்கே முடிவு செய்ய வேண்டா. அடுத்த படி எது என்று மட்டும் பார்ப்போம். அவளுக்கு எதைத் தெரிந்துகொள்ள ஆசை என்று கேட்டீர்களா?"

அவர் முழுமையாக ஏற்றுக்கொண்டதாகத் தோன்றவில்லை. வீட்டுச் செலவுக் கணக்கு அவர் கண்முன் இருந்தது. அது நியாயமான கணக்கு என்றே நானும் கருதுகிறேன்.

அதன் பிறகு மூத்தவள் விண்ணப்பக் கடிதத்தை மாற்றி எழுதினாள். பட்டத்தைக் கீழே இறக்கி, தான் தீர்த்த சிக்கலை மேலே வைத்தாள். சில மாதங்களில் நடுத்தர நிறுவனம் ஒன்றின் பழுதாய்வுக் கூடத்தில் வேலை கிடைத்தது. அங்கே நேர்காணல் செய்தவர் விரிசல் விட்ட பலகை ஒன்றை அவள் முன் வைத்து, "முதலில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டாராம். "இதைச் சோதித்த அடுப்பின் வெப்பமானியைப் பார்ப்பேன்" என்றாளாம். சம்பளம் அவள் எதிர்பார்த்ததைவிடக் குறைவுதான். இளையவள் தானாகவே விரும்பிப் பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படிக்கச் சென்றாள். அவள் விரும்பினால் அங்கிருந்து பட்டப்படிப்புக்கும் மேலே போக வழி உண்டு.

நம் பிள்ளைகளுக்குச் சில செய்திகளை முன்கூட்டியே சொல்லி வைப்போம். பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக விரும்பினால் முனைவர் பட்டம் பெரும்பாலும் தேவைப்படும். பொறியாளராகப் பதிவு பெறுவதற்கு அது தேவையில்லை. அங்கீகாரம் பெற்ற பொறியியல் பட்டமே அடிப்படை. ஆய்வுப் பணிக்குப் போக விரும்பினால் அது பெருந்துணை. பெயருக்கு முன்னால் ஓர் அடைமொழி வேண்டும் என்பதற்காக மட்டும் ஐந்தாண்டுகளைச் செலவிட வேண்டா. ஒரு கேள்வி உறங்கவிடாமல் துரத்துகிறது என்றால், தயங்காமல் போகட்டும். போகுமுன் நெறியாளர் யார், உதவித்தொகை எவ்வளவு, முன்பு அவரிடம் ஆய்வு முடித்தவர்கள் இப்பொழுது எங்கே இருக்கிறார்கள் என்ற மூன்றையும் விசாரித்துவிட்டுப் போகட்டும்.

ஆசிரியர்களுக்கு

ஆசிரியத் தோழர்களே, முனைவர் பட்டத்தின் உயிர்நாடியான அந்தப் பயிற்சியைத் தொடங்குவதற்குப் பல்கலைக்கழகம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் அகற்றப்பட்டபோது, இனி எதைக் கொண்டு பிள்ளைகளை அளப்பது என்று நம்மில் பலர் கலங்கினோம். அதை ஒரு வாய்ப்பாகவும் கொள்ளலாம். வாரத்தில் ஒரு பாடவேளையிலாவது, நமக்கே விடை தெரியாத ஒரு கேள்வியை வகுப்பில் வைப்போம். பள்ளித் தோட்டத்தில் ஒரு பக்கத்துச் செடி மட்டும் ஏன் வாடுகிறது? எந்த வகுப்பறை மிகவும் சூடாக இருக்கிறது, ஏன்? பிள்ளைகள் அளக்கட்டும், தவறட்டும், மீண்டும் அளக்கட்டும். "எனக்கும் தெரியாது, வாருங்கள் பார்ப்போம்" என்று ஆசிரியர் சொல்லக் கேட்ட பிள்ளைக்குத் தெரியாததைக் கண்டு அச்சம் வராது.

அந்தப் பிள்ளை டிப்ளோமாவோடு பொறியைப் பழுது பார்க்கலாம். முனைவராகிப் புதுப் பொருளைக் கண்டுபிடிக்கலாம். எங்கே போனாலும் அதன் கையிலுள்ள தாளை மட்டும் எண்ணாமல், அது செய்த வேலையைப் பார்த்து மதிப்பிடும் பழக்கம் நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் முதலில் வரட்டும். நிறுவனங்களை நடத்தப்போகிறவர்களும் நாளை இங்கிருந்துதானே போகப் போகிறார்கள்?